ஒரு வெள்ளி நாணயத்தின் தடிமன்: விண்வெளியிலிருந்து ஓசோனை எப்படி அளக்கிறார்கள்?

செப்டம்பர் பிறந்தால் போதும், எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்துவிடும். உருண்டையான பூமி, அடியில் அண்டார்க்டிகா, அதன் மேல் கருநீலமும் ஊதாவுமாக ஒரு பெரிய கறை. இந்த முறை அனுப்பியவர் நான்காம் மாடி அக்கா. மறுநாள் மின்தூக்கியில் பார்த்தபோது, "பாத்தீங்களா தம்பி, ஓட்டை எவ்வளவு பெரிசா இருக்கு! துணைக்கோளத்துலேர்ந்து படம் புடிச்சிருக்காங்க. அதான் நம்ம ஊர்ல இப்படிக் கொளுத்துது" என்றார்.

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். படித்தவர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். செய்திகளில் வரும் தலைப்புகளும் அப்படித்தான். ஆனால் அவர் சொன்னதில் மூன்று குழப்பங்கள் இருக்கின்றன. அந்த ஓட்டை நிஜமான ஓட்டை அல்ல. அந்தப் படம் கேமராவில் எடுத்த படம் அல்ல. சிங்கப்பூர் வெயிலுக்கு அது காரணமும் அல்ல. மூன்றையும் தீர்க்க வேண்டுமானால் ஒரே ஒரு விஷயம் புரிய வேண்டும்: 800 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஒரு கருவி, கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவை எப்படி அளக்கிறது? அதைத்தான் இங்கே மெதுவாகப் பார்க்கப் போகிறோம். பள்ளியில் படித்த அறிவியல் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை.

ஓசோன் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது?

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கும். மூன்று அணுக்கள் சேர்ந்தால் அது ஓசோன். நகல் எடுக்கும் இயந்திரம் நெடுநேரம் ஓடிய அறையில் ஒரு காரமான வாடை வருமே, அது பெரும்பாலும் ஓசோன்தான்.

பூமியைச் சுற்றியுள்ள ஓசோனில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரம்வரை பரவிக் கிடக்கிறது. விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே உள்ள இந்தப் பகுதிக்கு அடுக்குமண்டலம் என்று பெயர். மீதி ஒரு பங்கு கீழே, மழையும் மேகமும் நாமும் இருக்கும் பகுதியில் இருக்கிறது.

"ஓசோன் படலம்" என்ற சொல்லைக் கேட்டதும் பூமிக்கு மேலே விரித்த ஒரு போர்வையை நினைத்துக்கொள்கிறோம். அங்கே போர்வை எதுவும் இல்லை. அந்த உயரத்தில் ஓசோன் மிகுதியாக உள்ள இடத்தில்கூட பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளுக்குப் பத்துக்கும் குறைவான ஓசோன் மூலக்கூறுகளே இருக்கும். 20 கிலோமீட்டர் தடிமனுள்ள ஒரு பெரிய இடத்தில் அவ்வளவு நீர்த்துப்போய்க் கிடக்கிறது.

அப்படியானால் அதை எந்த அளவில் சொல்வது? 1920களில் ஆக்ஸ்ஃபோர்டில் வேலை செய்த கார்டன் டாப்சன் என்ற ஆய்வாளர், தரையிலிருந்து ஓசோனை அளக்க ஒரு கருவி செய்தார். அவர் பெயரில்தான் இன்றும் ஓசோனின் அலகு இருக்கிறது. டாப்சன் அலகு என்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். உங்கள் தலைக்கு நேர் மேலே, தரையிலிருந்து விண்வெளி வரை உள்ள ஓசோனை மட்டும் தனியே பிரித்தெடுத்து, கடல்மட்ட அழுத்தத்தில், 0 டிகிரி குளிரில் கீழே கொண்டுவந்து படிய வைத்தால் எத்தனை தடிமன் வரும்? ஒரு மில்லிமீட்டர் தடிமன் வந்தால் அது 100 டாப்சன் அலகு.

உலகச் சராசரி சுமார் 300 அலகு, அதாவது 3 மில்லிமீட்டர். சிங்கப்பூருக்கு மேலே பெரும்பாலும் 250ஐ ஒட்டி இருக்கும். பையில் இருக்கும் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நாணயத்தை எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். அதன் தடிமன் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். நம் தலைக்கு மேலே உள்ள மொத்த ஓசோனும் அவ்வளவுதான். முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அந்த நாணயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு மெல்லியதா நம்மைக் காக்கிறது என்று இருந்தது.

அண்டார்க்டிகாவின் "ஓட்டை" என்பதும் இந்த அலகில்தான் வரையறுக்கப்படுகிறது. 220 அலகுக்குக் கீழே போன இடத்தை ஓட்டை என்கிறார்கள். மோசமான ஆண்டுகளில் அது 100 அலகை ஒட்டிப் போகும். ஒரு மில்லிமீட்டர். நம் ஐந்து காசை விட மெல்லியது, ஆனாலும் அங்கே ஓசோன் இருக்கிறது. வேட்டி நைந்து மறுபக்கம் தெரியும் அளவுக்குத் தேய்ந்த இடம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழிசல் இல்லை, தேய்மானம்.

தே ஓ கிளாஸ் சொல்லும் பாடம்

சரி, அந்த நாணயத் தடிமனை மேலே இருந்து எப்படி அளப்பது?

காப்பிக் கடையில் ஒரு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கி, கண்ணாடி கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் சிவப்பும் பழுப்புமாகத் தெரியும். விளக்கிலிருந்து வெள்ளை வெளிச்சம்தானே போனது, நீலம் எங்கே போயிற்று? தேயிலைச் சாறு அதை விழுங்கிவிட்டது. இப்படி ஒரு பொருள் ஒளியைத் தனக்குள் எடுத்துக்கொள்வதற்கு உட்கவர்தல் என்று பெயர். சாயம் கூடக் கூட நீலம் இன்னும் குறையும். ஆகவே கிளாஸின் மறுபக்கம் எவ்வளவு நீலம் வருகிறது என்று அளந்தால், குடித்துப் பார்க்காமலே சாயம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

ஓசோனும் அப்படித்தான். அது விழுங்குவது புறஊதா ஒளியை. நம் கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறத்துக்கும் அப்பால் உள்ள ஒளி அது. ஒளியின் நிறத்தை எண்ணால் சொல்ல அலைநீளம் என்ற அளவு உண்டு. அதை நானோமீட்டரில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு நானோமீட்டர். நம் கண் பார்ப்பது ஏறத்தாழ 400இல் தொடங்கும். அதற்குக் கீழே புறஊதா. 280க்குக் கீழே உள்ளதைக் காற்றில் உள்ள ஓசோனும் ஆக்சிஜனும் சேர்ந்து முழுதாக விழுங்கிவிடும். 280 முதல் 315 வரை உள்ளதில் பெரும்பகுதி ஓசோனுக்கு இரை. 340ஐத் தாண்டினால் ஓசோன் அதைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை.

அளவீடு முழுதும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. ஓசோன் தின்னும் நிறம் ஒன்று, தின்னாத நிறம் ஒன்று.

ஆனால் விளக்கு எந்தப் பக்கம்?

தே ஓ உதாரணத்தில் விளக்கு ஒரு பக்கம், கண் மறுபக்கம். செயற்கைக்கோளுக்கு அந்த வசதி இல்லை. சூரியனும் மேலே, செயற்கைக்கோளும் மேலே. ஓசோன் கீழே கிடக்கிறது. அப்படியானால் ஒளி மேலே திரும்பி வர வேண்டும்.

திருப்பி அனுப்புவது நம் காற்றுதான். காற்று மூலக்கூறுகளில் ஒளி பட்டால் நாலா பக்கமும் தெறிக்கும். இதற்குச் சிதறல் என்று பெயர். வானம் நீலமாகத் தெரிவது இந்தச் சிதறலால்தான். புறஊதா ஒளி நீலத்தைவிடவும் அதிகமாகச் சிதறும். காற்றின் பெரும்பகுதி ஓசோன் மிகுந்த உயரத்துக்குக் கீழே இருக்கிறது. சூரிய ஒளி ஓசோனைக் கடந்து கீழே இறங்குகிறது. கீழே அடர்ந்த காற்றிலும் மேகத்திலும் தரையிலும் பட்டுத் தெறிக்கிறது. தெறித்ததில் ஒரு பங்கு மறுபடியும் ஓசோனைக் கடந்து மேலே வருகிறது. கிளாஸுக்கு அடியில் ஒரு வெள்ளித்தட்டை வைத்து மேலேயிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பது போல. ஒளி தேநீரை இரண்டு முறை கடக்கிறது.

செயற்கைக்கோள் பிடிப்பது இந்தத் திரும்பி வந்த ஒளியைத்தான். அது ஓசோனைப் பார்ப்பதே இல்லை. வந்திருக்க வேண்டிய ஒளியில் எவ்வளவு காணோம் என்று பார்க்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் அந்த ஊதாக் கறை, காணாமல்போன ஒளியிலிருந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த எண்களுக்கு யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்துப் பூசிய வண்ணம். அண்டார்க்டிகாவுக்கு மேலே போய் எட்டிப் பார்த்தால் ஊதா எதுவும் தெரியாது. வெள்ளைப் பனியும் மேகமும்தான் தெரியும்.

ஒரு நிறம் போதாது

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வர வேண்டும். திரும்பி வரும் ஒளி குறைந்ததற்கு ஓசோன்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? சூரியன் சாய்ந்திருக்கலாம். கீழே வெண்மேகத்துக்குப் பதில் கருங்கடல் இருக்கலாம். கருவியின் கண்ணாடியே மங்கியிருக்கலாம்.

அதனால்தான் குறைந்தது இரண்டு நிறம் வேண்டும். ஒரு எளிய கணக்கு. ஓசோன் விரும்பித் தின்னும் நிறத்தில் 100 பங்கும், அவ்வளவாகத் தொடாத நிறத்தில் 100 பங்கும் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 60 திரும்புகிறது, இரண்டாவதில் 95 திரும்புகிறது. இப்போது கருவியின் கண்ணாடி மங்கி எல்லா ஒளியும் பாதியாகிவிட்டது என்றால் 30உம் 47.5உம் கிடைக்கும். இரண்டும் குறைந்தன. ஆனால் ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள்: 60ஐ 95ஆல் வகுத்தாலும், 30ஐ 47.5ஆல் வகுத்தாலும் விடை ஒன்றுதான். மங்கல் இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைக்கும். ஓசோன் மட்டும்தான் ஒன்றை அதிகமாகவும் மற்றதைக் குறைவாகவும் குறைக்கும். ஆகவே விகிதம் மாறினால் ஓசோன் மாறியிருக்கிறது.

உண்மையில் மேகமும் தரையும் எல்லா நிறங்களையும் மிகச் சரியாக ஒரே அளவில் திருப்புவதில்லை. அதனால் இன்னும் சில நிறங்களைச் சேர்த்துச் சரிபார்க்கிறார்கள். 1978 அக்டோபரில் அமெரிக்காவின் நிம்பஸ் 7 செயற்கைக்கோளில் ஏறிய டாம்ஸ் என்ற கருவி, 312 முதல் 380 நானோமீட்டர் வரை ஆறு அலைநீளங்களைப் பார்த்தது. இன்றைய கருவிகள் நூற்றுக்கணக்கான அலைநீளங்களைப் பார்க்கின்றன. ஓசோன் ஒளியை விழுங்கும் விதம் நேர்கோடாக இருக்காது. சீப்பின் பல் போல ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் ஓசோனுக்கே உரியது. வந்த ஒளியில் அந்தப் பல்வரிசை எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று பார்த்தால் அளவு கிடைத்துவிடும்.

இவ்வளவு செய்தும் ஏமாற்றம் வரும். 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்தபோது டாம்ஸ் வரைபடத்தில் அந்த இடத்தில் ஓசோன் திடீரென்று கூடியது போலத் தெரிந்தது. அது ஓசோன் இல்லை. எரிமலை கக்கிய கந்தக டை ஆக்சைடும் ஏறத்தாழ அதே நிறங்களை விழுங்கும் என்பதால் கணக்கு குழம்பியது. ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்து, அன்றிலிருந்து எரிமலைப் புகையை அளக்கவும் அதே கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஒரு பிழையைத் துரத்திப் போய் புதிய அளவீடு ஒன்றைக் கையோடு கொண்டுவந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: சூரியனின் புறஊதா ஒளி ஓசோனைக் கடந்து இறங்கி, கீழுள்ள காற்றில் தெறித்து, மறுபடி கடந்து மேலே வருகிறது. ஓசோன் விழுங்கும் நிறத்தையும் விழுங்காத நிறத்தையும் ஒப்பிட்டு, நடுவில் எவ்வளவு ஓசோன் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். விடை டாப்சன் அலகில் வருகிறது.

கருவிக்கும் வயதாகும்

ஒரு நாள் அளப்பது பெரிதில்லை. 40 ஆண்டு விடாமல் அளந்து, ஓசோன் ஒரு விழுக்காடு கூடியதா குறைந்ததா என்று சொல்வதுதான் கடினம். கடும் புறஊதா ஒளியும் கதிர்வீச்சும் கருவியை நாளுக்கு நாள் தேய்க்கும். எடைத் தராசு மெல்லக் கெட்டுப்போனால், பொருள் குறைகிறதா தராசு தவறுகிறதா என்று எப்படித் தெரியும்?

அதனால் கருவி அவ்வப்போது பூமியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சூரியனைப் பார்க்கும். நேரே பார்த்தால் வெளிச்சம் தாங்காது என்பதால், ஒளியைப் பரப்பும் ஒரு தகடு வழியாகப் பார்க்கும். போன ஒளி எவ்வளவு என்று இதில் தெரியும். வந்த ஒளியை இதனால் வகுக்கலாம். ஆனால் அந்தத் தகடும் வெயிலில் கறுக்கும். நிம்பஸ் 7இல் இதுவே பெரிய தலைவலியாக இருந்தது. பிற்காலக் கருவிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட தகடுகளை வைத்து, ஒன்றை அடிக்கடியும் மற்றொன்றை அரிதாகவும் வெளியே எடுத்து, எது எவ்வளவு கறுத்தது என்று ஒப்பிட்டார்கள். பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் பட்டுச்சேலையோடு தினமும் கட்டும் சேலையை ஒப்பிட்டுப் பார்ப்பது போல.

அப்புறம், தரையில் உள்ள டாப்சன் கருவிகளோடு ஒப்பிடுவார்கள். பலூனில் சிறு அளவியைக் கட்டி மேலே விடுவதும் உண்டு. நமக்குப் பக்கத்தில் கோலாலம்பூரிலிருந்து அப்படிப் பலூன் விட்டிருக்கிறார்கள். வெப்பமண்டல நாடுகளில் 1998 முதல் நடக்கும் ஒரு பன்னாட்டுத் திட்டத்தில் அதுவும் ஒரு நிலையம்.

180க்குக் கீழே என்ன நடந்தது?

ஓசோன் ஓட்டையைப் பற்றி ஒரு கதை உலகெங்கும் சுற்றுகிறது. நாசாவின் கணினி, மிகக் குறைந்த எண்களைப் பிழை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டது, அதனால்தான் செயற்கைக்கோள் ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தவறியது என்பது அந்தக் கதை. நானும் பல ஆண்டுகள் அதை நம்பினேன், பிறருக்குச் சொல்லவும் செய்தேன். அது சரியில்லை. நடந்ததை முறையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அதுவரை உலகில் எங்குமே 180 அலகுக்குக் கீழே ஓசோன் பதிவானதில்லை என்பதால், அதற்குக் கீழே வந்த எண்களுக்குச் சந்தேகக் குறி போடும்படி டாம்ஸ் கணக்கில் ஏற்பாடு செய்திருந்தார்கள். குறி போட்டார்கள், அழிக்கவில்லை. 1983 அக்டோபர் தரவைக் கணக்கிட்டபோது அண்டார்க்டிகாவைச் சுற்றிச் சந்தேகக் குறிகள் குவிந்து கிடந்தன. கருவி கெட்டுவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும் அல்லவா? தென் துருவத்திலிருந்து வந்திருந்த தரை அளவீட்டோடு ஒப்பிட்டார்கள். அது 300ஐ ஒட்டி, எல்லாம் வழக்கம்போல் இருப்பதாகக் காட்டியது. அந்தத் தரை அளவீட்டில்தான் பிழை என்று பிறகே தெரிந்தது.

இதற்கிடையில் 1985 மே மாதம், பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தின் ஜோசஃப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜானதன் ஷாங்க்ளின் மூவரும் அண்டார்க்டிகாவில் உள்ள ஹாலி பே நிலையத்தில் பல ஆண்டுகள் டாப்சன் கருவியால் எடுத்த அளவீட்டை வெளியிட்டார்கள். அக்டோபர் மாத ஓசோன் 300ஐ ஒட்டியிருந்த நிலையிலிருந்து 200க்குக் கீழே இறங்கியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிராகில் நடந்த மாநாட்டில் நாசாவின் பவன் பார்த்தியா செயற்கைக்கோள் வரைபடத்தைக் காட்டினார். சரிவு ஹாலி பேக்கு மேல் மட்டும் இல்லை, அண்டார்க்டிகா கண்டத்தையே மூடியிருக்கிறது என்று அப்போதுதான் உலகம் பார்த்தது.

ஓரிடத்தில் நின்று நெடுங்காலம் அளந்தவர்களும் வேண்டியிருந்தது, மேலிருந்து முழுப் பரப்பையும் பார்த்த கருவியும் வேண்டியிருந்தது. ஓசோனைச் சிதைக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை 1987இல் கையெழுத்தாக இந்த இரண்டும் சேர்ந்தே வழி செய்தன.

நம் ஊருக்கு மேலே ஏன் குறைவு?

உலகச் சராசரி 300, நமக்கு 250 என்றதும் சிலருக்குப் பயம் வந்திருக்கும். இது சேதம் இல்லை, இயற்கை. ஓசோனை உண்டாக்குவது சூரிய ஒளிதான்; புறஊதா ஒளி ஆக்சிஜனைப் பிளக்க, பிரிந்த அணு இன்னொரு ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. வெயில் அதிகம் என்பதால் நிலநடுக்கோட்டுக்கு மேலேதான் உற்பத்தி மிகுதி. ஆனால் அடுக்குமண்டலக் காற்று இங்கே மெல்ல மேலெழுந்து துருவங்களை நோக்கிப் போகிறது. போகும்போது ஓசோனையும் எடுத்துச் செல்கிறது. நம் துறைமுகத்தில் மலைபோல் பெட்டிகள் அடுக்கியிருந்தாலும் பெரும்பாலானவை வேறு ஊருக்குப் போகிறவை அல்லவா? அது போலத்தான் இதுவும். சரக்கு குவிவது வேறு இடத்தில்.

உச்சி வெயில் நேராக விழுவதோடு ஓசோனும் மெல்லியதாக இருப்பதால், இங்கே புறஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. தோலைக் காக்கத் தொப்பியும் குடையும் வேண்டும் என்பதற்கு இது காரணம். ஆனால் புழுக்கத்துக்கும் சூட்டுக்கும் இது காரணம் இல்லை. புறஊதா ஒளி தோலைச் சுடும். காற்றைச் சூடாக்குவதில் அதன் பங்கு மிகச் சிறியது. அண்டார்க்டிகாவின் தேய்மானமோ நம்மிடமிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஆண்டில் சில மாதங்கள் மட்டும் இருப்பது.

நமக்கு மேலே அளவீடு எப்போது நடக்கிறது தெரியுமா? 2017இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல் 5பி செயற்கைக்கோளில் டிரோபோமி என்ற கருவி இருக்கிறது. அது எங்கும் சூரிய நேரப்படி மதியம் ஒன்றரை மணியை ஒட்டிக் கடக்கும். சிங்கப்பூரின் கடிகாரம் சூரிய நேரத்தைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், நம் கடிகாரத்தில் இரண்டரை மணி வாக்கு. சில நாள் முன்னே, சில நாள் பின்னே. பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிம்பஸ் 7 காலத்தில் ஒரு கட்டத்தின் அகலமே 50 கிலோமீட்டர். துவாஸிலிருந்து சாங்கிவரை மொத்த சிங்கப்பூருக்கும் ஒரே எண்தான். டிரோபோமியின் கட்டம் நேர் கீழே ஏறத்தாழ 5.5க்கு 3.5 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் நம் தீவில் சுமார் 40 கட்டங்கள் அடங்கும். ஜூரோங்குக்கு ஒன்று, பிடோக்குக்கு ஒன்று என்று பிரித்துப் பார்க்கலாம்.

நாம் சுவாசிக்கும் ஓசோன்

இங்கேதான் இன்னொரு பெரிய குழப்பம். மேலே உள்ள ஓசோன் நம்மைக் காக்கிறது. தரையருகே உள்ள ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்குகிறது. வாகனப் புகையும் தொழிற்சாலைப் புகையும் வெயிலில் வினைபுரிந்து அது உண்டாகிறது. பொருள் ஒன்றுதான், இருக்கும் இடம் வேறு. தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில் கணக்கில் எடுக்கும் ஆறு மாசுகளில் ஓசோனும் ஒன்று. அந்த எண் தரையில் உள்ள நிலையங்களிலிருந்து வருகிறது.

அப்படியானால் செயற்கைக்கோள் எண்ணைப் பார்த்து இன்று காற்று எப்படி என்று சொல்ல முடியுமா? முடியாது. 250 என்பது மேலிருந்து கீழ்வரை மொத்தக் கூட்டல். அதில் கீழே உள்ளது பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான்.

கீழ்ப்பங்கைப் பிரிக்க ஒரு வழி உண்டு. வீட்டில் கைக்குழந்தையை எடை பார்க்க என்ன செய்வோம்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறுவோம், பிறகு தனியாக ஏறுவோம், கழிப்போம். இங்கும் மொத்த ஓசோனிலிருந்து அடுக்குமண்டல ஓசோனைக் கழிக்கிறார்கள். அடுக்குமண்டலத்தை மட்டும் அளக்க, கீழே பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கும் கருவி வேண்டும். கூயே லாப்பிஸ் என்ற அடுக்குப் பலகாரத்தை மேலேயிருந்து பார்த்தால் மேலடுக்கின் நிறம்தான் தெரியும். வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் ஒவ்வோர் அடுக்கும் தெரியும். 2004இல் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோளில் இரண்டு கருவிகளும் சேர்ந்தே போயின: ஒன்று கீழே பார்த்து மொத்தத்தை அளந்தது, மற்றொன்று பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்து உயரம் உயரமாக அளந்தது. விளிம்பைப் பார்த்த கருவி ஓசோன் மூலக்கூறுகள் தாமே வெளியிடும் நுண்ணலையைப் பிடித்ததால் அதற்குச் சூரியன்கூடத் தேவையில்லை, இரவிலும் அளக்கும்.

கழித்தல் முறையில் ஒரு வலி இருக்கிறது. குழந்தை சிறிது, தூக்கியவர் பெரிது. பெரியவர் எடையில் சின்னப் பிழை வந்தாலும் குழந்தையின் எடை கெட்டுவிடும்.

நம் வட்டாரத்தின் மேகங்கள் இதற்கு எதிர்பாராத ஒரு உதவி செய்கின்றன. மதிய நேரத்து இடிமேகம் 10 கிலோமீட்டரைத் தாண்டி உயரும். அதற்குக் கீழே உள்ள ஓசோன் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. இது குறைதான். ஆனால் பக்கத்தில் மேகமில்லாத இடத்தில் மொத்தமும் தெரியும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மேகத்துக்குக் கீழே எவ்வளவு என்று கிடைத்துவிடும். உயரமான மேகங்கள் அடிக்கடி எழும் வெப்பமண்டலத்தில் இந்த வழி நன்றாகவே வேலை செய்கிறது.

1997ஆம் ஆண்டுப் புகைமூட்டம் நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து எதிர் புளோக் மங்கலாகத் தெரிந்த நாட்கள் அவை. சுமத்ராவிலும் களிமந்தானிலும் காடும் கரிநிலமும் எரிந்தபோது டாம்ஸ் கருவி அந்தப் புகையையும் பார்த்தது, இந்தோனேசியாவுக்கு மேலே தாழ்ந்த மண்டலத்தில் ஓசோன் கூடியதையும் காட்டியது. புகையின் துகள் நமக்குக் கண்ணில் தெரிந்தது. அதோடு சேர்ந்து பெருகிய ஓசோன் தெரியவில்லை. அதைக் காட்டியவை செயற்கைக்கோள் கணக்குகள்.

இந்தப் பகுதியைச் சுருக்கினால்: மொத்த ஓசோன் எண் வேறு, நாம் சுவாசிக்கும் ஓசோன் வேறு. முதலாவதைச் செயற்கைக்கோள் நன்றாக அளக்கும். இரண்டாவதைக் கழித்தும் ஊகித்தும்தான் சொல்லும். அன்றாடத்துக்குத் தரை நிலையத்தின் எண்ணையே பார்க்க வேண்டும்.

நாள் முழுதும் பார்க்கும் கண்

நாளுக்கு ஒரு முறை, இரண்டரை மணிக்கு மட்டும் பார்த்தால் காலைப் போக்குவரத்து நெரிசலில் என்ன நடந்தது என்று தெரியாது. இதற்காகத் தென்கொரியா 2020 பிப்ரவரியில் ஜெம்ஸ் என்ற கருவியை ஏவியது. அது நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால், ஒரே இடத்தில் நிற்பது போல ஆசியாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பகலில் ஏறத்தாழ மணிக்கொரு முறை. அதன் பார்வை தெற்கே 5 டிகிரி வரை எட்டுவதால் சிங்கப்பூரும் அதற்குள் வருகிறது.

போன வாரம் அக்காவை மறுபடி மின்தூக்கியில் பார்த்தேன். படத்தில் இருப்பது வண்ணம் பூசிய எண்கள் என்றும், நமக்கு மேலே ஒரு வெள்ளி நாணயத் தடிமன் ஓசோன் இருக்கிறது என்றும் சொன்னேன். உடனே பணப்பையைத் திறந்து ஒரு நாணயத்தை எடுத்து, கண்ணுக்கருகே பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார்.

"இம்புட்டுதானா?"

"இவ்வளவுதான் அக்கா."

"அப்ப அந்த அண்டார்க்டிகா சங்கதி, அது எப்பச் சரியாகும்?"

2022ஆம் ஆண்டின் பன்னாட்டு ஓசோன் மதிப்பீட்டில் உள்ளதைச் சொன்னேன். இப்போதைய விதிகளை எல்லா நாடும் பின்பற்றினால், அண்டார்க்டிகாவுக்கு மேலே 2066 வாக்கில், வட துருவத்தில் 2045 வாக்கில், உலகின் மற்ற இடங்களில் 2040 வாக்கில் ஓசோன் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும். மின்தூக்கி நான்காம் மாடியில் நின்றது. கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பேத்திக்கு 2066இல் என்ன வயதாகும் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.